வீட்டில் பீர் தயாரிப்பு: எங்கே அனுமதி, எதில் ஆபத்து?

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் வீட்டிலேயே, சொந்தப் பயன்பாட்டிற்காக, மாதம் 30 லிட்டர் வரை பீர் போன்ற புளிக்கவைத்த மதுவைத் தயாரிக்கலாம். அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. மலேசியாவில் நிலைமை வேறு. அங்கு 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்கீழ், உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே, ஜொகூரில் உள்ள உறவினர் வீட்டில் செய்து பார்க்கலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம்.

வீட்டில் செய்த மது என்றதும் நம் பெரியவர்களுக்குத் தோட்டப்புறச் சம்சுதான் நினைவுக்கு வரும். அந்த அச்சம் நியாயமானது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் நச்சு மது அருந்தி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உட்படப் பலர் மாண்டனர். மெத்தனாலே அதற்குக் காரணம். பார்லியைப் புளிக்க வைக்கும்போது மெத்தனால் ஆபத்தான அளவில் உருவாவதில்லை. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனாலை மதுவில் கலப்பதுதான் உயிரைப் பறிக்கிறது.

முதன்முறை தயாரிப்பவர்கள் 10 லிட்டரோடு தொடங்குவது நல்லது. முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், சுமார் இரண்டரை கிலோ தேவை. அதை மாவாக்காமல், உமி சிதையாதபடி உடைத்து, 66 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். சூடு 75 பாகையைத் தாண்டினால் அந்த நொதிகள் செயலிழக்கத் தொடங்கும்.

பின்னர் சாற்றை வடிகட்டி, ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்கள் அப்போதுதான் சேர்க்கப்படுகின்றன. சாற்றை விரைவாக ஆறவிட்டு ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். அக்காலத்தில் ஆப்ப மாவில் கள் ஊற்றிப் பொங்க வைத்ததும் இதே ஈஸ்ட்டின் வேலைதான்.

நம் வெப்பநிலைதான் பெரிய சிக்கல். வழக்கமான ஏல் வகை ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய 20 பாகை போதும். நம் வீடுகளிலோ 30 பாகை. குளிர்பதனப் பெட்டி ஒதுக்க முடியாதவர்களுக்கு, வெப்பத்தைத் தாங்கும் நார்வே நாட்டு 'க்வைக்' ஈஸ்ட் கைகொடுக்கும்.

கொதிக்க வைத்த பிறகு சாற்றைத் தொடும் ஒவ்வொரு பாத்திரமும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். புளிப்பு முழுமையாக முடியுமுன் புட்டியில் அடைத்தால், வாயு அழுத்தத்தில் புட்டி வெடித்துக் காயம் ஏற்படலாம். அடர்த்திமானி காட்டும் அளவு தொடர்ந்து சில நாள்கள் மாறாமல் இருந்த பின்னரே அடைக்க வேண்டும். வாயு சேர, 10 லிட்டருக்குச் சுமார் 60 கிராம் சீனி போதும்.

இப்படித் தயாரிக்கும் பீரில் மதுசாரம் 5 விழுக்காட்டை எட்டலாம். வீட்டில் செய்தது என்பதால் போதை குறைவாக இருக்காது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது.

எங்கே தயாரானது என்று தெரியாத மலிவு மதுவை வாங்காதீர்கள். அதைக் குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்துக்கூடப் பார்வை மங்கினாலோ, கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலோ, போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.