செரொற்றோனினும் சமூக மனிதனும்: ஓர் இயங்கியல் நோக்கு

மனித உணர்வுகளுக்கு உடலியல் அடிப்படை உண்டு என்பது பொருள்முதல்வாதத்தின் தொடக்கநிலைக் கோட்பாடுகளுள் ஒன்று. விதி, ஆன்மா, முற்பிறவிப் பயன் ஆகியவற்றால் மனத்துயரை விளக்கிய கருத்துமுதல்வாத மரபுக்கு எதிராக மூளையும் நரம்பும் பற்றிய அறிவியல் வளர்ந்தமை முற்போக்கானதொரு பாய்ச்சல் என்பதில் ஐயமில்லை. எனினும், உடலியல் அடிப்படையை ஏற்பது ஒன்று. மனிதனை அவ்வடிப்படைக்குள் முற்றாகச் சுருக்கிவிடுவது பிறிதொன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தச் செரொற்றோனின் என்னும் இரசாயனப் பொருளின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அது உடலில் யாது செய்கிறது, உளச்சோர்வின் காரணியாக எவ்வாறு கருதப்படலாயிற்று, அக்கருத்து எத்தகைய சமூகத் தேவையை நிறைவுசெய்தது என்னும் மூன்று வினாக்களை நாம் இங்கு நோக்குவோம்.

'மகிழ்ச்சிச் சுரப்பு' எனப் பரவலாக அறியப்படும் இப்பொருள் முதலில் மூளையிற் கண்டறியப்பட்டதன்று. 1930களில் இத்தாலிய ஆய்வாளரான விற்றோரியோ எர்ஸ்பாமர், தசையைச் சுருங்கச் செய்யும் பொருளொன்றைக் குடற்சுவரின் கலங்களிற் கண்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மொறிஸ் றப்போட், ஆர்டா கிறீன், இர்வின் பேஜ் ஆகியோர், குருதிக்குழாய்களை இறுக்கும் பொருளொன்றைக் குருதிநீரிலிருந்து பிரித்தெடுத்துச் செரொற்றோனின் எனப் பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது 1952இல் உறுதியாயிற்று. மறு ஆண்டில் பெற்றி துவாறொக், பேஜுடன் இணைந்து, முலையூட்டிகளின் மூளையிலும் அது உள்ளதென நிறுவினார்.

உடலிலுள்ள செரொற்றோனினில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குடலிலேயே உள்ளது. உணவிலிருந்து பெறப்படும் திரிப்றோபான் என்னும் அமினோவமிலத்திலிருந்து உருவாகும் இது, குடலின் அசைவையும் சுரப்பையும் நெறிப்படுத்துகிறது. குருதிச் சிறுதட்டுக்கள் இதனை உறிஞ்சிச் சேமித்து, காயம் ஏற்படுமிடத்து வெளியிட்டுக் குருதி உறைவதற்குத் துணைபுரிகின்றன. குடலில் உண்டாகும் செரொற்றோனின் மூளைக்குட் புகமாட்டாது. ஆதலின் மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. மூளைத்தண்டிலுள்ள சில இலட்சம் நரம்புக்கலங்களே இதனை ஆக்குகின்றனவெனினும், அவற்றின் கிளைகள் மூளையின் பெரும்பகுதியெங்கும் பரந்துள்ளன. உறக்கம், பசி, நோவுணர்வு, உடல்வெப்பம், மனநிலை ஆகிய அனைத்திலும் இதற்குப் பங்குண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது எழும் வாந்தியைத் தணிக்கும் மருந்துகளுட் சில, செரொற்றோனினின் ஏற்பிகளுள் ஒருவகையைத் தடுப்பதன் மூலமே பயன்தருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது. குமட்டலிலும் பங்குகொள்ளும் ஒரு பொருளை மகிழ்ச்சியின் பெயரால் மட்டும் அழைப்பது எத்துணைப் பொருந்தும்?

உளச்சோர்வுடன் இது தொடர்புபடுத்தப்பட்ட வரலாற்றில் நமது பிராந்தியத்தின் மூலிகையொன்றுக்கும் இடமுண்டு. ஆயுள்வேதம் நெடுங்காலம் பயன்படுத்திவந்த சர்ப்பகந்தியிலிருந்து றிசேர்ப்பீன் என்னும் மருந்து 1952இற் பிரித்தெடுக்கப்பட்டது. குருதியழுத்தத்திற்காக இதனை உட்கொண்டோருட் சிலர் சோர்வுற்றமை அறிவிக்கப்பட்டது; உடலின் செரொற்றோனினை இது வற்றச்செய்கிறதென்பதும் 1955இல் தெரியவந்தது. மூளையிற் செரொற்றோனின் குறைவதே உளச்சோர்வுக்குக் காரணமாகலாம் என்னும் கருதுகோளைப் பிரித்தானியாவில் அலெக் கொப்பன் 1967இலும், லெனின்கிராட்டில் லப்பின், ஒக்சென்குருக் ஆகியோர் 1969இலும் முன்வைத்தனர். அறிவியற் கருதுகோள் என்ற வகையில் இது முற்றிலும் நியாயமானதே.

கருதுகோள் சந்தைக்கு வந்தபோதே அதன் தன்மை மாறிற்று. நரம்புக்கலங்களிடையே செரொற்றோனின் நீடித்திருக்கச் செய்யும் புளூவொக்செற்றீன், புறோசாக் என்ற வணிகப்பெயருடன் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆய்வாளர் ஐயத்துடன் கூறியதை விளம்பரங்கள் 'இரசாயனச் சமநிலைக் குலைவு' என்னும் உருவகமாக்கி உண்மைபோற் பரப்பின. அசுப்பிரின் தலைவலியைப் போக்குவதால், அசுப்பிரின் குறைபாடே தலைவலிக்குக் காரணம் என யாரும் முடிவுசெய்வதில்லை. மேலும், இம்மருந்துகள் செரொற்றோனினைச் சில மணித்தியாலங்களிலேயே பாதிக்கின்றன. ஆனால் நோயாளி முழுப்பயன் பெறுவதற்கோ பல வாரங்கள் செல்கின்றன. 2022இல் ஜொஆனா மொன்கிறீவும் பிறரும் வெளியிட்ட தொகுப்பாய்வு, செரொற்றோனின் குறைவே உளச்சோர்வின் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை எனக் கூறிற்று. அவ்வாய்வின் முறையியல் பற்றிய விவாதமும் எழுந்தது.

இதிலிருந்து மருந்துகள் யாவும் முதலாளித்துவத்தின் ஏமாற்று என முடிவுகட்டுவது மறுதலையான தவறாகும். 2018இல் வெளியான, 522 மருத்துவச் சோதனைகளை ஒப்பிட்ட ஆய்வு, வளர்ந்தோரிடத்து 21 மருந்துகளும் வெற்று மாத்திரையிலும் கூடிய பயனளித்தமையைக் காட்டிற்று. அப்பயன் பெரும்பாலும் மிதமானதே. மருந்தைத் திடீரென நிறுத்துவது தீங்கு விளைக்கும்; அம்முடிவு மருத்துவருடன் சேர்ந்து எடுக்கப்படவேண்டியது.

ஆயின் விடுபட்டுப்போனது யாது? 1978இல் ஜோர்ஜ் பிறவுணும் ரிறில் ஹரிஸும் இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து எழுதிய நூல், தொழிலாள வர்க்கப் பெண்களிடையே உளச்சோர்வு மிகுந்திருந்தமையைக் காட்டியது. மனந்திறந்து பேசத் துணையின்மை, வீட்டிற்கு வெளியே தொழிலின்மை, சிறுபிள்ளைகள் பலரைப் பராமரிக்கும் சுமை, இளவயதில் தாயை இழந்தமை ஆகியன அவர்களை எளிதிற் பாதிப்புறச் செய்தன. இவை குருதிச் சோதனையிற் புலப்படுவன அல்ல.

சமூக நிலையும் இரசாயனமும் தம்முள் உறவற்றவையுமல்ல. 1996இல் வெளியான நன்னீர்க் கூனிறால் பற்றிய ஆய்வொன்று இதனை உணர்த்துகிறது. தப்பியோடும் அசைவை இயக்கும் நரம்புக்கலத்தின் துலங்கலை, ஆதிக்க நிலையிலுள்ள உயிரியிற் செரொற்றோனின் மிகுவித்தது. அடங்கிய நிலையிலுள்ளதில் அதே பொருள் குறைத்தது. அடங்கியிருந்தது ஆதிக்கம் பெற்றதும் விளைவும் மாறிற்று. கூனிறாலிலிருந்து மனித சமூகத்திற்கு நேராகத் தாவுதல் கூடாது. ஆயினும், ஒரு மூலக்கூற்றின் பொருள் அது இயங்கும் உறவுகளாலும் நிர்ணயிக்கப்படுகிறது என்னும் இயங்கியல் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இலக்கியத்திலே துயரின் சமூக வேர்களைத் தேடும் திறனாய்வாளர்க்கு இவ்விவாதம் அந்நியமானதன்று. துயருறுபவர் ஒருவரின் மூளையை மட்டும் நோக்குபவர், அவரது வேலையையும் வீட்டையும் காணத் தவறுகிறார். சமூகத்தை மட்டும் நோக்குபவரோ, இன்றிரவு உறங்கவியலாதிருக்கும் அம்மனிதரைக் காணத் தவறுகிறார். மருந்து தேவைப்படுவோர்க்கு மருந்து கிடைத்தல் வேண்டும். அவர்களை நோயுறச் செய்யும் வாழ்நிலைமைகளை மாற்றும் பணி மருந்தகத்திற்கு வெளியே நம் அனைவருக்கும் உரியது.