கல்ச்சர் ரிசல்ட்டுக்கு ஏன் மூணு நாள்? பாக்டீரியாவின் பதிலை லேசரில் படிக்கும் 'ராமன்' வழி

மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா சாலை, லேக் வியூ ரோடு பக்கம் நடந்தால் ரத்தப் பரிசோதனை லேப் போர்டுகளுக்குக் குறைவே இருக்காது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் சுகரும் கொலஸ்ட்ராலும் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதே லேபில் யூரின் கல்ச்சர் கேட்டுப் பாருங்கள். "மூணு நாள் ஆகும் மேடம், நடுவுல சண்டே வந்தா நாலு" என்பதுதான் கவுன்ட்டரில் வரும் பதில்.

லேப்காரர்களைக் குறை சொல்ல முடியாது. பாக்டீரியா வளர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. முதல் நாள் சாம்பிளை ஊட்டச்சத்துள்ள தட்டில் தடவி, உடல் சூட்டில் வைப்பார்கள். மறுநாள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கிருமி புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். அதில் கொஞ்சம் எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, ஆன்டிபயாடிக் தோய்த்த காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக வெற்றிடம் விழுகிறது என்று மூன்றாம் நாள் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். தானியங்கிக் கருவிகள் வந்த பிறகு இரண்டாவது கட்டம் வேகமாகியிருக்கிறது. ஆனால் அவையும் கிருமி பெருகுகிறதா என்றுதான் பார்க்கின்றன. எல்லா வசதியும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அதைவிட அவசரப்படுத்த முடியாது.

இந்த மூன்று நாளும் நோயாளி சும்மா இருக்க முடியாதே! டாக்டர் அனுபவத்தை வைத்து ஒரு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே அமையும். அமையாவிட்டால்? சாதாரண நீர்க்கடுப்பு என்றால் மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். ரத்தத்தில் தொற்று பரவி, ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் ஐசியுவில் இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு, முதல் ஆறு மணி நேரத்தில் சரியான மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பைச் சராசரியாக 7.6% குறைத்தது என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ல் உலகெங்கும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்கிறது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு.

சென்னைக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே செயலிழக்க வைக்கும் என்டிஎம்-1 மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010-ல் உலகத்துக்குச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வில் சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. 'டெல்லி' என்ற பெயரை மரபணுவில் ஒட்டியது சரியா என்ற சண்டைதான் அப்போது செய்திகளில் பெரிதாக ஓடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்ட்டில், ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தக் கோரி மருத்துவர்கள் வெளியிட்ட செயல்திட்டத்துக்கு 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர்.

சரி, கிருமி பெருகும் வரை காத்திருக்காமல், மருந்து பட்டவுடன் அதற்குள் என்ன நடக்கிறது என்று நேரடியாகப் பார்க்க முடியுமா? இங்கேதான் நம்மூர்க்காரர் வருகிறார்.

திருச்சி திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்டறிந்ததுதான் ராமன் விளைவு. கூடவே உழைத்த கே.எஸ்.கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், அவர் பெயரைப் பல நேரம் மறந்துவிடுகிறோம். விஷயம் இதுதான். ஒரு பொருள் மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் ஏறக்குறைய எல்லாமே அதே நிறத்தில் திரும்பும். சுமார் ஒரு கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைக் கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டு, லேசாக நிறம் மாறி வெளியே வரும். எவ்வளவு மாறியது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. மிருதங்கத்தைக் கண்ணால் பார்க்காமல், தட்டும் ஓசையை வைத்தே அது மிருதங்கம், கடம் அல்ல என்று சொல்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரி. (ராமன் மிருதங்கத்தின் ஒலியையும் ஆராய்ந்து கட்டுரை எழுதியவர்.)

பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏ, புரதம், கொழுப்பு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் முகடு காட்டும். எல்லாம் சேர்ந்த வரைபடம் அந்தக் கிருமியின் கைரேகை. இப்போது ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கிறோம். சிப்ரோஃப்ளாக்சசின் டிஎன்ஏ நகலெடுக்கும் வேலையைக் கெடுக்கும். பென்சிலின் குடும்பம் செல்சுவர் கட்டுவதைத் தடுக்கும். அடி வாங்கிய கிருமியின் முகடுகளில் சில தணியும், சில உயரும். மருந்துக்கு மசியாத கிருமியின் வரைபடமோ பெரிதாக மாறாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சிவ உமாபதி, தீபங்கர் நந்தி ஆகியோரின் குழுக்கள் வெவ்வேறு அளவு எதிர்ப்புத்திறன் கொண்ட ஈ.கோலை வகைகளை இப்படி ராமன் முறையில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கின்றன.

இதில் ரொம்பவே சாமர்த்தியமான ஒரு உத்தி, கனநீர். சாதாரணத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதன் எடை கூடிய அண்ணனான டியூட்டீரியம் இருக்கும் தண்ணீர் அது. மருந்தோடு இந்தத் தண்ணீரையும் கிருமிக்குக் கொடுப்பார்கள். உயிர்ப்போடு இயங்கும் கிருமி, புதுக் கொழுப்பும் புரதமும் தயாரிக்கும்போது டியூட்டீரியத்தையும் சேர்த்துக் கட்டும். உடனே, வழக்கமாக எந்த முகடும் இல்லாத 'அமைதிப் பகுதியில்' புதிதாக ஒன்று முளைக்கும். முளைத்தால் மருந்து வேலை செய்யவில்லை. முளைக்காவிட்டால் கிருமி முடங்கிவிட்டது. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, இயங்கும் நுண்ணுயிர்களை அடையாளம் காண இந்த உத்தியை 2015-ல் விவரித்தது. பிறகு மருந்துப் பரிசோதனைக்கும் இது வந்தது. கிருமி பெருகத் தேவையில்லை என்பதால், ஓரிரு மணி நேரத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழு 2019-ல் வேறு பாதையில் போனது. 30 வகை நோய்க்கிருமிகளின் ராமன் வரைபடங்களைக் கணினிக்குப் பயிற்சியாகக் கொடுத்தது. எந்தக் கிருமி என்பதை அது 82% சரியாகச் சொன்னது. எந்த ஆன்டிபயாடிக் பிரிவு பொருந்தும் என்பதை 97% சரியாகச் சொன்னது.

அப்புறம் ஏன் நம்ம ஏரியா லேபில் இது இல்லை? அந்த 'ஒரு கோடியில் ஒன்று'தான் முதல் சிக்கல். சிக்னல் அவ்வளவு பலவீனம். ரத்தமும் சிறுநீரும் தாமாகவே ஒளிர்ந்து அதை மூழ்கடித்துவிடும். அதனால் கிருமியை முதலில் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ரத்தத் தொற்றில் ஒரு மில்லியில் ஒரு சில கிருமிகளே இருக்கலாம்; அவற்றைத் தேடிப் பிடிக்க முடியாமல் கடைசியில் கல்ச்சருக்கே திரும்ப வேண்டியிருக்கும். கலிஃபோர்னியா கிருமியில் பயிற்சி பெற்ற கணினி, சென்னைக் கிருமியையும் அதே துல்லியத்தில் படிக்குமா என்பதையும் இங்கே சோதித்துத்தான் பார்க்க வேண்டும். கருவியின் விலை இன்னொரு பக்கம்.

மேற்கு மாம்பலத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஐஐடி மெட்ராஸில் எஸ்.புஷ்பவனம் தலைமையிலான குழு ஒளியை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பிடித்தது. சின்ன சிப்பில் கிருமியையும் மருந்தையும் விட்டு, கரைசலின் மின்தடை எப்படி மாறுகிறது என்று பார்த்தால் மூன்று மணி நேரத்தில் பதில் கிடைக்கும் என்று 2025-ல் அறிவித்தது. லேசர் தேவையில்லாததால், சின்ன கிளினிக்குகளுக்கு இதுதான் முதலில் போய்ச் சேரக்கூடும் என்று தோன்றுகிறது.

அதுவரை கல்ச்சர்தான் வழி. டாக்டர் அதை எழுதிக் கொடுத்தால், மாத்திரையின் முதல் டோஸுக்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். அவசர நிலை என்றால் மட்டும் டாக்டர் சொல்வதே முடிவு. "ரெண்டு வேளை போட்டுப் பாத்துட்டு அப்புறம் குடுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், உடம்பில் கிருமி இருந்தாலும் தட்டில் அது வளராமல் போகலாம். மூன்று நாள் காத்திருந்த பிறகு ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும், காய்ச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.