ராணுவம் விடுவித்த டாக்டர்களை மீண்டும் அழைத்த கரோனா

புது தில்லி: பணிக்காலம் முடிந்து ராணுவம் வழியனுப்பிய டாக்டர்களை, அதே ராணுவம் மீண்டும் அழைக்க நேர்ந்தது 2021 மே மாதத்தில். கரோனா இரண்டாவது அலையின்போது, 2017-க்கும் 2021-க்கும் இடையே விடுவிக்கப்பட்ட மருத்துவ அதிகாரிகளில் 400 பேரை, அதிகபட்சம் 11 மாத ஒப்பந்தத்தில் சேர்க்கப் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. குறுகிய காலப் பணியில் இருந்தோருக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டிப்பு வழங்கியதால் மேலும் 238 பேர் கிடைத்தனர்.

அவசரத்துக்கு இது கைகொடுத்தது. ஆனால், அனுபவம் பெற்ற இத்தனை பேர் ஏன் வெளியே இருந்தனர் என்ற கேள்வியும் எழுந்தது.

முப்படைகளுக்கும் டாக்டர்களை அளிக்கும் முதன்மை நிறுவனம், புணேயில் 1948-ல் நிறுவப்பட்ட ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. 1962-ல் தொடங்கிய எம்.பி.பி.எஸ். படிப்பில் ஆண்டுக்குச் சுமார் 150 பேரே சேர்க்கப்படுகின்றனர். அரசுச் செலவில் படிக்கும் அவர்கள் படைப்பணிக்குக் கட்டுப்பட்டவர்கள். மறுத்தால் பல லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும்.

இது போதாததால், வெளியில் படித்த டாக்டர்கள் நேர்காணல் மூலம் குறுகிய காலப் பணிக்குத் தேர்வு செய்யப்படுகின்றனர். முதலில் 5 ஆண்டு. நீட்டிப்புகளுடன் அதிகபட்சம் 14 ஆண்டு. சிக்கல் இங்குதான். அதிகாரிகள் ஓய்வூதியம் பெற 20 ஆண்டுப் பணி தேவை. துறைத் தேர்வில் வென்று நிரந்தரப் பணி பெறுவோர் தப்பினர். மற்றவர்கள், எல்லைப்புற முகாம்களில் கைதேர்ந்து, நாற்பது வயதையொட்டி, பணிக்கொடையுடன் வெளியேறுகின்றனர். அந்த வயதில் அவர்களை வரவேற்கத் தனியார் மருத்துவமனைகள் தயாராகவே இருக்கின்றன.