மொரிஸோ மேடம், கொஞ்சம் அசையாம இருங்க!

ஆயில் பெயின்ட்டிங் கத்துக்க ஆசை. ஆனா வாத்தியார் இல்லை, மாடல் இல்லை, பர்ஸும் காலி. உங்க கதையும் இதுதானா பாஸ்? அப்போ தைரியமா காப்பி அடிங்க. அட, செமஸ்டர்ல இல்லீங்க... கேன்வாஸ்ல!

பெர்த் மொரிஸோ தெரியுமா? மோனே, ரெனுவார்னு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களை அடுக்கும்போது நாம மறந்துடற பெயர். 1874-ல் பாரிஸில் அந்த குரூப் நடத்திய முதல் கண்காட்சியிலேயே இவங்க படங்கள் இருந்தன. மொத்தம் நடந்த எட்டில் ஒண்ணே ஒண்ணுதான் மிஸ்ஸிங். இத்தனைக்கும் பாரிஸின் அரசு ஓவியக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. மொரிஸோ இறந்தது 1895-ல்! பிறகு எங்கே கத்துக்கிட்டாங்க? தனி வாத்தியார்கிட்ட, அப்புறம் லூவர் மியூசியத்தில். மாஸ்டர்களின் படங்களுக்கு முன்னால ஈசலைப் போட்டு, பார்த்துப் பார்த்து வரைஞ்சு! கவுன்சலிங்கில் கேட்ட காலேஜ் கிடைக்கலைனு இன்னும் புலம்பற நம்ம கோஷ்டிக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

காப்பி பண்ணிக் கத்துக்கிட்டவங்களையே நாம காப்பி பண்ணா எப்படி? 1885-ல், 44 வயசில், அவங்க தன்னையே வரைஞ்ச படம் பாரிஸின் மார்மோத்தான் மோனே மியூசியத்தில் இருக்கு. தூக்கிக் கட்டின முடி, கழுத்தில் கறுப்புத் துணி, நேரா நம்மையே பார்க்கற கண்கள். முகத்துக்குத்தான் அத்தனை கவனம். கையில் இருக்கற பேலட் சும்மா நாலு கோடு. சுற்றிலும் வெறும் கேன்வாஸே எட்டிப் பார்க்குது. கத்துக்கறவங்களுக்கு இது வரம். எந்தத் தீற்றல் முதல்ல, எது அப்புறம்னு கண்ணாலயே பிரிச்சுப் படிக்கலாம்.

ஒரிஜினல் 61-க்கு 50 செ.மீ. பாதி ஸ்கேல் எடுத்தா கடையில் கிடைக்கற 12-க்கு 10 இன்ச் கேன்வாஸில் கச்சிதமா உட்காரும். ஃபர்ஸ்ட் இயர் டிராயிங் க்ளாஸ் இப்பவாவது உதவட்டும், கட்டம் போடுங்க. டைட்டானியம் வொயிட், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், கொஞ்சம் கறுப்பு... இது போதும். (மொரிஸோ காலத்து ஓவியர்களின் முக்கிய வெள்ளை ஈயத்தில் செஞ்சது. விஷம்!)

முதல் அடுக்கை டர்பன்டைன் விட்டு நீர்க்க அடிங்க. மேலே போகப் போக ஆளி விதை எண்ணெய் கூடணும். ஏன்னா ஆயில் பெயின்ட் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்லை. காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து பாலிமராகி இறுகுது. அடியில் எண்ணெய் அதிகமானா மேல் அடுக்கு முதல்ல இறுகி, பின்னாடி விரிசல் விடும். பாருங்க, கெமிஸ்ட்ரி துரத்திட்டு வருது!

முகத்துக்கு வரும்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்க. மூக்கு, வாய் மறைஞ்சு வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். அதை வரைங்க. தீற்றலை வெச்சதும் கையை எடுத்துடணும். பவுடர் பூசற மாதிரி தேய்ச்சா மொரிஸோ போயிடுவாங்க, மொழுமொழு பொம்மைதான் மிஞ்சும்.

ஹாஸ்டல்வாசிகளே, ஜன்னலைத் திறந்து வைங்க. எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீங்க, தானாவே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணி நிரப்பின மூடி போட்ட டப்பாவில் போட்டுடுங்க.

முடிச்சாச்சா? அவங்க கையெழுத்தைக் காப்பி பண்ணக் கூடாது. பின்பக்கம் 'மொரிஸோவைப் பார்த்து வரைந்தது'னு எழுதி, உங்க பேரைப் போடுங்க. வார்னிஷ்? ஆறு மாசமாவது காயட்டும். அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்!