தோம்பு முதல் உறுதி வரை: உங்கள் காணியின் கதை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

"உறுதி எரிந்துபோய்விட்டது. இனிக் காணியும் எங்களுடையது இல்லைத்தானே?" இடம்பெயர்ந்த குடும்பங்கள் மத்தியில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இல்லை, அப்படியல்ல என்பதே பதில். ஏன் என்று விளங்கிக்கொள்ள, காணிப் பதிவின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

தோம்பு என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்களைத் தொடர்ந்து 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். ஒல்லாந்தர் இருவகைத் தோம்புகளை வைத்திருந்தனர். ஒன்று ஆட்களையும் குடும்பங்களையும் பதிவது. மற்றது காணிகளைப் பதிவது. யாரிடம் என்ன வரி வாங்கலாம், யாரை ஊழியத்துக்கு அழைக்கலாம் என்று அறிவதே இவற்றின் முக்கிய நோக்கம். உழவனின் உரிமையைக் காப்பதற்காக அவை எழுதப்படவில்லை.

பிரித்தானியர் காலத்தில் எழுத்துக்கு மேலும் வலு வந்தது. 1840ம் ஆண்டின் 7ம் இலக்கச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்றது. அதே ஆண்டின் 12ம் இலக்கச் சட்டமோ, காடும் பயிரிடப்படாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று கொண்டது. ஆகவே கையில் எழுத்தில்லாத குடியானவன் பலவீனமானான்.

1863இல் காணிப் பதிவுக்கென ஒரு சட்டம் வந்தது. ஆவணங்களைப் பதிவதற்கு நாம் இன்று பின்பற்றும் சட்டம் 1927ம் ஆண்டுக்குரியது. இதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பதிவாளர் காணி யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. கொண்டுவரப்பட்ட உறுதியைப் பதிகிறார், அவ்வளவுதான். ஆயினும் பதியாமல் விட்டால் ஆபத்துண்டு. அதே காணியைப் பின்னர் பணம் கொடுத்து வாங்கிய ஒருவர் தமது உறுதியை முந்திப் பதிந்துவிட்டால், பதியப்படாத பழைய உறுதி தோற்றுப்போகலாம்.

இனி, எரிந்த உறுதிக்கு வருவோம். நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது உங்கள் கைக்கு ஒரு பிரதி வருகிறது. இன்னொன்றை அவர் தம்மிடம் வைத்திருக்கிறார். மற்றொன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது. ஆகவே வீட்டிலிருந்த பெட்டி அழிந்தாலும் மற்ற இரண்டையும் தேடலாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை தெரிந்திருந்தால் தேடுவது இலகு.

எல்லாருக்கும் உறுதி இருப்பதில்லை. 1935ம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அரச காணி பெற்றவர்களிடம் இருப்பது அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. அனுமதிப்பத்திரம் பற்றிய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். பெற்றோர் இறந்திருந்தால், பின்னுரித்தாளராக யார் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மற்றவர் குடியிருக்கும் காணியின் நிலை வேறு. 1871ம் ஆண்டின் சட்டப்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டுவருபவர் ஆட்சியுரிமை கோரலாம். யுத்தத்தால் வழக்கிட முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் 5ம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் அவர்கள் வழக்கிட முடியாதிருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதிருக்க அது வழிசெய்தது. ஆனால் வழக்கிடுவதற்கு அச்சட்டம் கொடுத்த அவகாசம் இரண்டு ஆண்டுகளே. இத்தகைய பிணக்கு உள்ளவர்கள் தாமதிக்காமல் சட்டத்தரணி ஒருவரை நாடுவது நல்லது.

காணி உரித்தையே அரசு உறுதிப்படுத்திப் பதியும் முறை 1858இல் தென் அவுஸ்திரேலியாவில் றொபர்ட் ரொறன்ஸ் என்பவரின் முயற்சியால் ஆரம்பமானது. இலங்கையில் அதற்கான சட்டம் 1998ம் ஆண்டின் 21ம் இலக்கச் சட்டமாகும். அத்தகைய பதிவுக்கு உங்கள் ஊரில் அளவை நடந்தால், நீங்கள் வேறிடத்தில் இருந்தாலும் உரிய காலத்தில் உங்கள் கோரிக்கையைக் கொடுக்க வேண்டும்.

நாம் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு கொப்பியில் காணியின் பெயர், ஊர், பரப்பு, நான்கு எல்லைகள், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவேட்டின் தொகுதியும் பக்கமும் என எழுதுங்கள். தெரியாததை இடம் விட்டு வையுங்கள். கிழக்கு எல்லையில் யாருடைய காணி இருந்தது, எந்த நொத்தாரிசு எழுதினார் என்பதெல்லாம் அப்பு, ஆச்சிமாருக்கு நினைவிருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.