விழுந்தவனுக்கு ஒரு நிமிடம் கொடுத்த படங்கள்

2025 ஓகஸ்ட் 22 அன்று தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ‘கேப்டன் பிரபாகரன்’ திரும்பவும் வெளியானது. படம் முதலில் வந்தது 1991 சித்திரைப் புத்தாண்டுக்கு. விஜயகாந்த் மறைந்து இரண்டு வருடம் நெருங்கும் நேரத்தில், முப்பத்துநாலு வருடத்துப் பழைய படத்தைத் துடைத்து மினுக்கி அங்கே கொண்டாடினார்கள். வன்னியில் பலருக்கு அந்தப் படம் ஒருநாளும் ‘வெளியாகவே’ இல்லை. அது கசெற்றில் வந்தது. எந்த வருடம் வந்தது, எத்தனையாவது பிரதி என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு.

ஆனாலும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நாற்பத்தைந்து தாண்டிய ஓர் ஆளிடம் பிடித்த படம் எது என்று கேட்டுப்பாருங்கள். ‘ஊமை விழிகள்’, ‘இணைந்த கைகள்’, ‘கேப்டன் பிரபாகரன்’ என்று 1986க்கும் 1991க்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு சண்டைப்படத்தின் பெயர் வர வாய்ப்பு அதிகம். உண்மையான செல்லடியையும் கிபீரையும் கண்ட சனத்துக்கு வெடிச்சத்தம் நிறைந்த படத்தில் என்ன ஆசை? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல, முதலில் இந்தப் படங்கள் கட்டப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

பலபேர் சேர்ந்து மோதும் சண்டைப்படங்களுக்கு ஒரு மூலப்படம் உண்டு. அகிரா குரோசாவா 1954இல் எடுத்த ‘செவன் சாமுராய்’. கதையை வன்னி விவசாயிக்கு விளங்கப்படுத்தவே தேவையில்லை. அறுவடை முடிந்ததும் விளைச்சலைப் பறிக்க நாற்பது கொள்ளையர் வரப்போகிறார்கள் என்று ஓர் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. கூலி கொடுக்கக் காசில்லை. தாங்கள் தினையைத் தின்றுகொண்டு, அரிசிச் சோற்றைக் கூலியாகக் கொடுத்து ஏழு வாள்வீரர்களைப் பிடித்துவருகிறார்கள். படம் 207 நிமிடம். அதில் ஆட்களைச் சேர்ப்பதற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போகிறது. வாளில் மகா கெட்டிக்காரன் ஒருவன், விறகு கொத்திக்கொண்டு நிற்கிற பகிடிக்காரன் ஒருவன், மீசை முளைக்காத பொடியன் ஒருவன், தானும் சாமுராய்தான் என்று பொய் சொல்லி ஒட்டிக்கொள்ளும் விவசாயி மகன் ஒருவன். சண்டை தொடங்கும்போது ஏழு பேரும் எங்களுக்குத் தெரிந்த ஆட்களாகிவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் குரோசாவா செய்தார். தலைவன் கம்பெய் ஒரு கடதாசியில் கொள்ளையருக்கு ஆளுக்கொரு வட்டம் போட்டுவைத்திருப்பான். ஒருவன் விழ, ஒரு வட்டத்தை வெட்டுவான். தங்கள் பக்கத்தில் விழுகிறவனுக்கு ஒரு மண்மேடு, அதன்மேல் அவனுடைய வாள். மற்றவர்கள் அந்த மேட்டைச் சுற்றி நிற்பார்கள். ஏழு பேரில் நாலு பேர் சாகிறார்கள். நாலு பேரையும் கொல்வது வாளல்ல, துவக்கு.

அந்தப் படத்தை 1960இல் ஹொலிவூட் ‘தி மக்னிபிசென்ற் செவன்’ ஆக்கியது. 1975இல் வந்த ‘ஷோலே’யில், ஊரைக் காக்கக் கூலிக்குப் பிடித்த இரண்டு பேரிலும் அதன் சாயல் இருக்கிறது. இன்னொரு கிளை போர்ப்படங்கள். 1961இன் ‘தி கன்ஸ் ஒஃப் நவரோன்’ போல, மலையேறத் தெரிந்தவன், வெடிமருந்து தெரிந்தவன், கத்தி பிடிக்கத் தெரிந்தவன் என்று ஆட்களைப் பொறுக்கி ஒரு காரியத்துக்கு அனுப்பும் கதைகள். 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலம் எங்கள் நாட்டுக் கித்துல்கலையில், களனி கங்கைக்கு மேல் கட்டித் தகர்க்கப்பட்டது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தமிழில் இந்த வகை பிந்தித்தான் வந்தது. எம்.ஜி.ஆர். காலத்துச் சண்டைப்படத்தில் ஆட்கள் பலர் நிற்பார்கள், அடிப்பவர் ஒருவர்தான். 1986இல் சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ‘ஊமை விழிகள்’ எடுத்தார்கள். தயாரிப்பு ஆபாவாணன், இயக்கம் ஆர். அரவிந்தராஜ், அகலத்திரைப் படம். ஜெய்சங்கர் பத்திரிகை ஆசிரியர், அருண்பாண்டியனும் சந்திரசேகரும் நிருபர்கள், ரவிச்சந்திரன் வில்லன். விஜயகாந்துக்கு அப்போது வயது முப்பத்துநாலுகூட நிறையவில்லை. தலையில் நரையை வைத்துக்கொண்டு நடுத்தர வயதுப் பொலிஸ் அதிகாரியாக வந்தார். ஒருவர் எழுதுவார், ஒருவர் துப்புத் துலக்குவார், ஒருவர் வண்டி ஓட்டுவார். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவரின் வேலை நடக்காது. நாலு வருடம் கழித்து ஆபாவாணன் குழு ‘இணைந்த கைகள்’ கொண்டுவந்தது. அருண்பாண்டியனும் ராம்கியும் மலையிடுக்கில் தொங்கும் இடைவேளைக் காட்சியை ஐம்பது வயதுக்காரர்கள் இன்றும் கையைக் காலை ஆட்டித்தான் சொல்வார்கள். ‘கேப்டன் பிரபாகரன்’ ஒற்றை நாயகன் படந்தான். ஆனால் அதை இழுத்துக்கொண்டு போவது சரத்குமார் நடித்த நண்பனின் சாவு. காட்டுக்குள் வீரபத்திரனிடம் அவர் விழுந்ததால்தான் விஜயகாந்த் அந்தக் காட்டுக்குள் இறங்குகிறார். வன்னிக் காதில் அந்தத் தலைப்பு எப்படி ஒலித்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இவை வன்னிக்குள் வந்த விதமும் கதையின் ஒரு பாதி. 1990க்குப் பிறகு இங்கே பெரும்பகுதிக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடைப் பட்டியலில். வீட்டுக்கு வெளிச்சம் ஜாம்போத்தல் விளக்கு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்துச் சனமும் வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போக, மல்லாவி, ஸ்கந்தபுரம், புதுக்குடியிருப்புப் பக்கங்கள்தான் நகரமாயின. அந்த நாட்களில் படம் பார்ப்பதென்றால் ஊரே சேர்ந்து செய்கிற வேலை. டெக்கும் ரீ.வி.யும் ஒருவரிடம், ஜெனறேற்றர் இன்னொருவரிடம், மண்ணெண்ணெய்க்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு. ஜெனறேற்றரைச் சொட்டுப் பெற்றோலில் இழுத்து ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். சத்தம் கேட்காமலிருக்க அதைப் பின்வளவில் கிடங்குக்குள் இறக்கி நீள வயர் இழுப்பார்கள். அது மூச்சு வாங்கும்போதெல்லாம் படம் சுருங்கி விரியும். திரையில் புழுதி பறந்தால் டெக்கின் மூடியைக் கழற்றி, ஓடிக்கொலோன் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைக்க ஒருவன் இருப்பான். ஊரில் அவனுக்குத் தனி மரியாதை. வானத்தில் இரைச்சல் கேட்டால் எல்லாம் நிற்கும். இருட்டில் பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார்கள். ஒரே இரவில் மூன்று படம், விடிய விடிய.

எல்லாப் படமும் முழுதாக வரவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் சினிமாவுக்குத் தணிக்கை இருந்தது. காதலும் ஆட்டமும் வெட்டுப்பட, சண்டை மிஞ்சியது. பிற மொழிப் போர்ப்படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தும் காட்டினார்கள். அவை பொழுதுபோக்குக்காக மட்டும் காட்டப்பட்டவை அல்ல. படத்தில் எழுந்து நின்ற ஆளைப் பார்த்துத் தானும் எழுந்துபோன பிள்ளைகள் உண்டு. பழைய படத்தை இனிப்பாக நினைக்கும்போது இந்தக் கசப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இனி அந்த ஆசைக்கு வருவோம். மனத்தை ஆராய்பவர்கள் இரண்டு விஷயம் சொல்கிறார்கள். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் கண்டதும் கேட்டதும்தான் ஆயுள் முழுக்க ஆழமாக நிற்கும் என்பது ஒன்று. தனிமை கூடும்போது பழைய நினைவு தானாக மேலெழும்பும், அந்த நினைவில் பெரும்பாலும் நாலு மனிதர்கள் சேர்ந்திருப்பார்கள் என்பது மற்றது. இங்கிலாந்தின் சவுதம்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ட்சுட், செடிகிடிஸ் முதலானோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரண்டாவதைக் காட்டினார்கள். இரண்டும் வன்னிக்குப் பொருந்தும். ஆனால் இவை மதுரைக்கும் கொழும்புக்கும் பொருந்துகிற காரணங்கள். இந்த மண்ணுக்கு வேறொன்றும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தப் படங்களில் எவனும் பெயர் தெரியாமல் சாவதில்லை. வருகிறவனுக்கு ஓர் அறிமுகம் உண்டு, செய்ய ஒரு வேலை உண்டு. விழுந்தால் நண்பன் ஓடிவந்து தலையை மடியில் வைப்பான். வெடிச்சத்தம் அந்த ஒரு நிமிடத்துக்கு அடங்கும். அவன் சொன்ன கடைசிச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் மற்றவன் எழும்புவான். 2009இன் தொடக்க மாதங்களில் விசுவமட்டிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனத்துக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. விழுந்தவர்களை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது. எத்தனை பேர் என்ற கணக்கிலேயே இன்றுவரை உடன்பாடில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017இல் தொடங்கிய போராட்டமும் அடிப்படையில் அந்தக் கணக்கைத்தான் கேட்கிறது. போரைக் கண்டவர்களுக்கு இந்தப் படங்கள் பிடிப்பதில் முரண் இல்லை. போர் கொடுக்காததை அவை கொடுத்தன.

குறையும் நிறைய. பெண்களுக்கு இந்தக் கூட்டத்தில் இடமே இல்லை. ‘ஊமை விழிகள்’ தொடங்கி எல்லாவற்றிலும் அவர்கள் கொல்லப்படுவதற்கு, கடத்தப்படுவதற்கு, அல்லது பாட்டுக்கு. பெண்கள் துவக்கும் தூக்கி, போருக்குப் பிறகு குடும்பத்தையும் தனியே தூக்கி நிறுத்திய மண்ணில் இருந்துகொண்டு பார்த்தால் இது கண்ணில் குத்தும். வில்லனின் அடியாட்களுக்கும் அந்த ஒரு நிமிடம் கிடையாது. அவர்கள் வைக்கோல் பொம்மைகள்.

இப்போதும் நாலைந்து பெரிய நடிகர்கள் சேரும் படங்கள் வருகின்றன. 2022இன் ‘விக்ரம்’, 2023இன் ‘ஜெயிலர்’ எல்லாம் இங்கும் ஓடின. ஆனால் அங்கே ஆட்கள் வருவது வேலை செய்ய அல்ல, கைதட்டு வாங்க. ஒருவர் நடந்து வந்தாலே இசை அதிரும். அவர் வராமலே விட்டிருந்தாலும் கதை பெரும்பாலும் அப்படியே போயிருக்கும். 2010இல் சில்வெஸ்டர் ஸ்ரலோன் பழைய சண்டை நடிகர்களைக் கூட்டி எடுத்த ‘தி எக்ஸ்பென்டபிள்ஸ்’ படத்திலும் இதே குறைதான். முகங்களைக் கூட்டினால் குழு ஆகாது. பிள்ளைகளுக்கு ஒன்று காட்டுவதென்றால் ‘செவன் சாமுராய்’ காட்டுங்கள். கறுப்பு வெள்ளை என்று முதலில் முகம் சுளிப்பார்கள். மழைக்குள் நடக்கும் கடைசிச் சண்டையில் வாயைப் பிளப்பார்கள்.

‘ஊமை விழிக’ளையும் ‘கேப்டன் பிரபாகர’னையும் பாதுகாக்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கசெற்றுகளில் இருந்த மற்றவற்றுக்குத்தான் ஆளில்லை. நாடா தட்டுப்பாட்டில் படத்தை அழித்துவிட்டு மேலே பதிந்த சாமத்தியவீடுகள், கல்யாணங்கள், கோயில் திருவிழாக்கள், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிகள். அவற்றில் பெரும்பகுதி 2009இல் பதுங்குகுழிகளோடு போய்விட்டது. தப்பியது ஒன்று உங்கள் தகரப்பெட்டியிலோ, கனடாவிலிருக்கும் சித்தி வீட்டிலோ கிடந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று எறிந்துவிடாதீர்கள். அப்படியே டெக்கில் போட்டு ஓட்டியும் பார்க்காதீர்கள், நாடா அறுந்துபோகும். முதலில் துப்புரவாக்கத் தெரிந்த பழைய வீடியோக் கடைக்காரரைத் தேடிப் பிடித்து எண்ணிம வடிவத்துக்கு மாற்றுங்கள். ஈழத்து ஆவணங்களை 2005இலிருந்து எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்திடமும் கேட்டுப்பாருங்கள். யார் யார் தெரிகிறார்கள் என்பதை, பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.