பழைய கணக்குப் புரோகிராமும் புதிய கம்ப்யூட்டரும்



1990-களில் நம்மில் பலர் கடைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதில் ஓடியது 'டாஸ்' என்னும் இயக்க முறை. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. எதையும் தட்டச்சு செய்துதான் கேட்க வேண்டும். அதன்மேல் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் போன்றவற்றில் உள்ளூர் புரோகிராமர் எழுதிக் கொடுத்த பில்லிங்கும் பேரேடும் இருக்கும். அவை இன்றும் சில மொத்தக் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணக்குப்பிள்ளை கீபோர்டைப் பார்க்காமலேயே பில் போடுகிறார். நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது ஓடும் பெட்டி நாளை பழுதானால் பாக்கிக் கணக்கு என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே?

1981-ல் வந்த டாஸ், 16 பிட் முறையில் அமைந்தது. இன்று விற்கும் கம்ப்யூட்டர்களில் இருப்பது 64 பிட் விண்டோஸ். அது 16 பிட் புரோகிராம்களை நேரடியாக ஓட்டாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்ததால் சமாளித்தோம். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவியும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

எங்கள் பருப்பு மண்டிக்குப் புதிய புரோகிராம் விற்க வந்த நிறுவனம் ஒன்று, "பார்ட்டிகளின் இறுதி இருப்பை மட்டும் ஏற்றித் தருகிறோம், பழைய பில்கள் வராது" என்றது. பாக்கி வைத்திருப்பவர் "எந்த பில், எந்தத் தேதி?" என்று கேட்டால் இறுதி இருப்பை மட்டும் காட்டி வசூல் செய்ய முடியுமா? ஜி.எஸ்.டி. சட்டப்படியும், ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். ஆகவே பழைய விவரம் கைவிட்டுப் போகாத வழியைத் தேடினோம்.

பெட்டிக்குள் பெட்டி

'டாஸ்பாக்ஸ்' என்பது 2002-ல் வெளிவந்த இலவசப் புரோகிராம். பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. புதிய விண்டோஸுக்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் இருப்பதுபோல் அது நடித்துக் காட்டும். அதன் கிளையான 'டாஸ்பாக்ஸ்-எக்ஸ்' என்பதில் பிரிண்டர் வசதியும் இருப்பதால் கடைக்கு அதுவே ஏற்றது. 1994-ல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிய 'ஃப்ரீடாஸ்' என்ற இலவச டாஸும் உண்டு. இதன் 1.4 பதிப்பு 2025-ல் வெளியானது.

டாஸ்பாக்ஸில் 'மவுண்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. விண்டோஸில் உள்ள ஒரு சாதாரண ஃபோல்டரை, பழைய புரோகிராமின் கண்ணுக்கு 'சி' டிரைவாகக் காட்டுவது இதன் வேலை. நமக்குப் பெரிய லாபம் இதில்தான் இருக்கிறது. குடோன் ஒன்று, வாசல் இரண்டு. முன்வாசல் வழியாகக் கணக்குப்பிள்ளை பழைய திரையில் பில் போடுவார். அதே ஃபைல்களைப் பின்வாசல் வழியாக இன்றைய கருவிகள் எடுத்துக்கொள்ளும்.

புதிய கருவிகள் செய்யும் வேலை

இந்தக் கருவிகளும் அன்றைய டாஸ் போலவே கட்டளை தட்டினால் வேலை செய்பவை. 'டிர்', 'காப்பி' என்று தட்டிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

விண்டோஸிலேயே இருக்கும் 'ரோபோகாப்பி' என்ற கட்டளையைத் தினமும் இரவு தானாக ஓடும்படி வைத்துவிட்டால், அன்றைய கணக்கு முழுவதும் வேறு டிஸ்க்குக்குப் போய்விடும். பிரதிக்குத் தினம் ஒரு தேதியிட்ட ஃபோல்டர் வைப்பது அவசியம். 'மிரர்' என்ற முறையில் ஒரே ஃபோல்டரில் எடுத்தால், இன்று கெட்டுப்போன ஃபைல் நேற்றைய நல்ல பிரதியின் மேல் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது விவரம் மாற்றுதல். ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் இரண்டும் 'டி.பி.எஃப்.' என்ற வகை ஃபைலில் எழுதுபவை. அதன் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளே அதைத் திறந்து காட்டும். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்டவர்கள், வணிகர்களுக்கு விற்கும்போது மின்னணு பில் எடுக்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் உள்ள விதி. அதற்கு 'ஜேசன்' வடிவில் விவரம் கொடுக்க வேண்டும். 'பைத்தான்' மொழி தெரிந்த ஒருவர் எழுதும் சிறு புரோகிராம், டி.பி.எஃப்.பிலிருந்து இதைத் தயாரித்துவிடும். பழைய பார்ட்டி மாஸ்டரில் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணுக்கு இடம் இல்லாவிட்டால், பார்ட்டி கோடுடன் அந்த எண்ணைத் தனிப் பட்டியலாக வைத்து இணைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

1. பழைய புரோகிராமை மூடிய பிறகே பிரதி எடுக்க வேண்டும். பில் எழுதும் நேரத்தில் எடுத்தால் கணக்கு ஃபைலும் அதன் இண்டெக்ஸ் ஃபைலும் ஒத்துப்போகாது.

2. பின்வாசல் வழியாக எடுக்கலாம், எழுதக் கூடாது. திருத்தம் எதுவானாலும் பழைய திரையில்தான் செய்ய வேண்டும்.

3. டி.பி.எஃப்.பில் அழித்த பில் உடனே மறைவதில்லை. அழித்ததாக ஒரு குறி மட்டும் விழும். 'பேக்' கட்டளை கொடுத்த பிறகே உண்மையில் நீங்கும். அந்தக் குறியைப் பார்க்காத கருவி, ரத்தான பில்லையும் கூட்டிவிடும். ஆகவே மாற்றிய கணக்கின் மொத்தத்தைப் பழைய திரையின் மொத்தத்துடன் ஒப்பிட்டே தீர வேண்டும்.

4. ஒரே கணக்கை இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் டாஸ்பாக்ஸ் வழியாகத் திறக்காதீர்கள். ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதும் அபாயம் உண்டு.

5. பிரதி எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். வைரஸ் வந்தால், இணைத்திருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே போகும்.

6. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருப்பவர்களுக்கு இந்த வழி போதாது. யார், எப்போது திருத்தினார் என்று பதியும் கணக்கு மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. பழைய புரோகிராமைப் பழைய பில் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தனிநபர், கூட்டு வியாபாரம் செய்பவர்களும் என்றாவது ஒருநாள் புதிய மென்பொருளுக்கு மாறத்தான் வேண்டும். பெட்டி கெட்ட அன்று, விற்பவர் சொன்ன விலைக்கும் நிபந்தனைக்கும் கட்டுப்பட்டு மாறுவது வேறு. பழைய பில் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாக நாலு பேரிடம் விசாரித்து மாறுவது வேறு. புரோகிராம் எழுதியவர் யாராக இருந்தாலும், அதிலுள்ள கணக்கு நம்முடையது.

ஆகவே உறுப்பினர்கள் இந்த மாத இருப்பு எடுக்கும் நாளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கணக்கு ஃபோல்டரின் பிரதியை வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் திறந்து, ஏதாவது ஒரு பார்ட்டியின் பேரேட்டை எடுத்துப் பாருங்கள். பழைய திரையில் உள்ள பாக்கியே அங்கும் வந்தால் உங்கள் பிரதி நல்ல பிரதி. வராவிட்டால், பழைய பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் அழைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.